கொழுப்பு எரியும் வழி: அசைல்-கோஏ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமும் உயிர்வேதியியலும் படிக்கும் மாணவர்களுக்கு அசைல்-கோஏ என்பது தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் ஒரு படம். பெற்றோர்கள் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இந்த மூலக்கூறை ஒருமுறை சரியாக விளங்கிக்கொண்டால், இரவு சாப்பிடாமல் தூங்கிய குழந்தைக்கு விடிகாலையில் ஏன் வலிப்பு வருகிறது, ஒல்லியானவருக்கு ஏன் சர்க்கரை நோய் வருகிறது, கொலஸ்ட்ரால் மாத்திரை எங்கே வேலை செய்கிறது என்பதெல்லாம் ஒரே இழையில் பிடிபடும். மாணவர்களும் பெற்றோர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். குழந்தைகளைப் பற்றிய பகுதி கடைசியில் வருகிறது. நேரம் இல்லாதவர்கள் அதை மட்டுமாவது படியுங்கள்.

அசைல்-கோஏ என்றால் என்ன?

ஒரு கொழுப்பு அமிலமும் கோஎன்சைம் ஏ என்ற மூலக்கூறும் சேர்ந்தது அசைல்-கோஏ. கோஎன்சைம் ஏ-யைச் சுருக்கமாகக் கோஏ என்பார்கள். எண்ணெய், நெய், மீன், கறி என்று எதில் இருந்து வந்தாலும், கொழுப்பு கடைசியில் கொழுப்பு அமிலமாகத்தான் செல்லுக்குள் போய்ச் சேர்கிறது. அங்கே கோஏ அதன் முனையில் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் அந்தக் கொழுப்பை வைத்துச் செல் எதையும் செய்ய முடியும்.

அசைல்-கோஏ என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். 16 கார்பன் கொண்டது பால்மிட்டைல்-கோஏ. 8 கார்பன் கொண்டது ஆக்டனாயில்-கோஏ. இரண்டே கார்பன் கொண்டது அசிட்டைல்-கோஏ. கார்பன் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பது நோய்களைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

கொழுப்பு அமிலத்தை அப்படியே எரிக்க முடியாதா?

முடியாது. கொழுப்பு அமிலம் வேதிவினைக்கு எளிதில் இணங்காத மந்தமான பொருள். அதற்குச் சோப்பின் குணமும் உண்டு. தனியாக அதிகம் சேர்ந்தால் செல்லின் சவ்வையே பாதிக்கும். அதனால் உள்ளே வந்தவுடனே அசைல்-கோஏ சிந்தட்டேஸ் என்ற நொதி அதைப் பிடித்துக் கோஏ-யோடு இணைத்துவிடுகிறது. இந்த இணைப்பில் கந்தக அணு ஒன்று நடுவில் இருக்கிறது. அந்தக் கந்தகப் பிணைப்பு ஆற்றல் நிறைந்தது, சுலபமாக உடையக்கூடியது. மந்தமாகக் கிடந்த கொழுப்பு அமிலம் இப்போது வினைக்குத் தயார்.

இதற்குச் செல் கொடுக்கும் விலை இரண்டு ஏடிபி. ஏடிபி என்பது செல்லின் ஆற்றல் நாணயம். ஒரு ஏடிபி மூலக்கூறுதான் செலவாகிறது, ஆனால் அதன் இரண்டு உயர் ஆற்றல் பிணைப்புகளும் உடைந்துபோவதால் கணக்கில் இரண்டு. கோஏ பெரிய மூலக்கூறு, நீரை விரும்புவது. அது ஒட்டிய பிறகு கொழுப்பு அமிலத்தால் சவ்வைத் தாண்டி வெளியே நழுவ முடியாது. உள்ளே வந்தது உள்ளேயே இருக்கும்.

கோஎன்சைம் ஏ எங்கிருந்து கிடைக்கிறது? மாத்திரையாகச் சாப்பிடலாமா?

பான்டோத்தெனிக் அமிலம் என்ற வைட்டமின் பி5-ஐ வைத்து நம் செல்களே அதைத் தயாரிக்கின்றன. முட்டை, ஈரல், பருப்பு, கடலை, காளான், முழுத் தானியம் என்று ஏறக்குறைய எல்லா உணவிலும் பி5 இருக்கிறது. எனவே பற்றாக்குறை மிக அரிது. கடும் பஞ்சத்திலும் போர்க்கைதிகள் முகாம்களிலும் பாதம் தீயாய் எரியும் ஒரு நோய் காணப்பட்டது. சேலத்தில் பிறந்து, பின்னாளில் இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கே முகமாக விளங்கிய சி. கோபாலன், இந்தப் பாத எரிச்சல் நோயாளிகளுக்குக் கால்சியம் பான்டோத்தெனேட் கொடுத்துப் பலன் கண்டதை 1946-ல் எழுதினார்.

கோஏ-யை நேரடியாக விழுங்கினால் பயனில்லை. குடலிலேயே உடைந்து மறுபடி பி5 ஆகிவிடும். ஆரோக்கியமானவர் கூடுதலாகப் பி5 சாப்பிடுவதால் கொழுப்பு வேகமாக எரியும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள்?

1904-ல் ஜெர்மனியின் ஃபிரான்ஸ் க்னூப் ஓர் எளிய சோதனை செய்தார். கொழுப்பு அமிலத்தின் வால் முனையில், உடம்பால் எரிக்க முடியாத ஒரு பென்சீன் வளையத்தை அடையாளமாக ஒட்டி, நாய்களுக்குக் கொடுத்தார். சிறுநீரில் வந்த மிச்சத்தை ஆராய்ந்தபோது, கொழுப்பு அமிலம் இரண்டிரண்டு கார்பனாக வெட்டப்படுகிறது என்று தெரிந்தது. கதிரியக்க அணுக்கள் கைக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இதைச் சாதித்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான்.

வெட்டப்பட்ட அந்த இரண்டு கார்பன் துண்டு எது என்பது மட்டும் நெடுநாள் புதிராக இருந்தது. 1940-களில் அமெரிக்காவில் ஃபிரிட்ஸ் லிப்மன் கோஎன்சைம் ஏ-யைக் கண்டுபிடித்தார். 1951-ல் மியூனிக்கில் ஃபியோடோர் லினென் அந்தத் துண்டு அசிட்டைல்-கோஏ என்று காட்டினார். லிப்மனுக்கு 1953-லும் லினெனுக்கு 1964-லும் நோபல் பரிசு கிடைத்தது.

அசைல்-கோஏ அடுத்து எந்தப் பக்கம் போகும் என்பதை எது முடிவு செய்கிறது?

பல வழிகள் இருக்கின்றன. செல்லின் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் எரியலாம். டிரைகிளிசரைடாகி எண்ணெய்த் துளியாய்ச் சேமிப்புக்குப் போகலாம். செல் சவ்வின் பாஸ்போலிப்பிடாகலாம். கொலஸ்ட்ராலோடு சேரலாம். செரமைடு என்ற வேறொரு கொழுப்புப் பொருளாகலாம். சில புரதங்களின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றைச் சவ்வோடு பிணைக்கலாம்.

முக்கியமான முடிவு எரிப்பதா, சேமிப்பதா என்பதுதான். நீளமான அசைல்-கோஏ மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வைத் தாண்ட முடியாது. சிபிடி1 என்ற நொதி கோஏ-யைக் கழற்றிவிட்டுக் கார்னிட்டின் என்ற சுமைதூக்கி மூலக்கூறை ஒட்டுகிறது. அசைல்-கார்னிட்டின் உள்ளே போகிறது. உள்ளே சிபிடி2 என்ற நொதி கார்னிட்டினைக் கழற்றிவிட்டு மறுபடி கோஏ-யை ஒட்டுகிறது. சோறு சாப்பிட்டதும் இன்சுலின் உயர்கிறதல்லவா, அப்போது அசிட்டைல்-கோஏ-யில் இருந்து மலோனைல்-கோஏ உண்டாகிறது. புதுக் கொழுப்பு கட்டுவதற்கான முதல் கல் அது. அதே மலோனைல்-கோஏ சிபிடி1-ஐத் தடுத்தும் விடுகிறது. கொழுப்பைக் கட்டும்போது எரிக்காதே என்ற கட்டளை. பட்டினியிலோ உடற்பயிற்சியிலோ மலோனைல்-கோஏ குறைகிறது, வாசல் திறக்கிறது.

ஒரே பொருள் ஒரு வேலைக்கு மூலப்பொருளாகவும் அதற்கு எதிர்வேலைக்குத் தடையாகவும் இருக்கிறது. உயிர்வேதியியலில் எனக்கு மிகப் பிடித்த பாடங்களில் இது ஒன்று.

உள்ளே போனதும் என்ன நடக்கிறது?

பீட்டா ஆக்சிஜனேற்றம் என்ற நான்கு படிச் சுற்று. ஹைட்ரஜனை எடுப்பது, நீரைச் சேர்ப்பது, மறுபடி ஹைட்ரஜனை எடுப்பது, பிறகு வெட்டுவது. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அசிட்டைல்-கோஏ கழன்று வருகிறது. 16 கார்பன் கொண்ட பால்மிட்டைல்-கோஏ ஏழு சுற்றில் எட்டு அசிட்டைல்-கோஏ ஆகிவிடும். தொடக்கத்தில் செலவான இரண்டைக் கழித்தால் நிகரமாக 106 ஏடிபி. ஒரு குளுக்கோஸில் இருந்து கிடைப்பது 30 முதல் 32 வரைதான்.

முதல் படியைச் செய்யும் நொதி ஒன்றல்ல. மிக நீண்ட சங்கிலிக்கு விஎல்சிஏடி, நடுத்தரச் சங்கிலிக்கு எம்சிஏடி, குட்டைச் சங்கிலிக்கு எஸ்சிஏடி என்று ஆள் மாறுகிறது. இதில் ஒருவர் வராவிட்டால் சங்கிலி அந்த நீளத்திலேயே நின்றுவிடும்.

நின்றுவிட்டால் என்ன கெடுதல்? எரியாத கொழுப்பு பேசாமல் கிடக்கட்டுமே?

இந்தக் கேள்விக்குத்தான் நிறையப் பேர் பாதிப் பதிலோடு போய்விடுகிறார்கள். ஆற்றல் கிடைக்காது என்பது பாதிதான். மறுபாதி கோஏ-யில் இருக்கிறது.

செல்லில் கோஏ-யின் அளவு குறைவு. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தவர்கள் சாப்பிட்டு எழுந்தால்தான் அடுத்த பந்திக்கு இடம். சாப்பிடவும் முடியாமல் எழுந்திருக்கவும் மாட்டேன் என்று ஒரு கூட்டம் உட்கார்ந்துவிட்டால், பந்தியே நின்றுபோகும். வெட்ட முடியாத அசைல்-கோஏ கோஏ-யைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் உட்கார்ந்துவிடுகிறது. கொழுப்போடு சம்பந்தமே இல்லாத வேலைகளுக்கும் கோஏ வேண்டும். குளுக்கோஸை முழுதாக எரிக்கவும், அம்மோனியாவை யூரியாவாக்கும் பாதை ஓடவும் அது தேவை. அவையும் தடுமாறுகின்றன. இரத்தத்தில் அம்மோனியா ஏறுவதும் கல்லீரல் வீங்குவதும் இதனால்தான்.

சில மருந்துகளும் இதே இடத்தில் வந்து உட்காருகின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் உடம்பில் வால்ப்ராயில்-கோஏ ஆகிறது, கார்னிட்டினையும் குறைக்கிறது. அதன் நச்சுத்தன்மைக்குக் கார்னிட்டினை மருந்தாகக் கொடுப்பதன் தர்க்கம் இதுவே. வைரஸ் காய்ச்சல் வந்த குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணமான, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரே நோயிலும் மைட்டோகாண்ட்ரியாதான் அடி வாங்குகிறது.

ஒல்லியாக இருக்கிறவருக்கு எப்படிச் சர்க்கரை நோய் வருகிறது?

கொழுப்பைப் பத்திரமாக வைப்பதற்கென்றே உள்ள இடம் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புத் திசு. அங்கே இடம் போதாமல் தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பு அமிலம் வந்து குவிந்தால், அந்தச் செல்களில் அசைல்-கோஏ எரியும் வேகத்தைவிட அதிகமாக உண்டாகிறது. மிஞ்சியது டைஅசைல்கிளிசராலாகவும் செரமைடாகவும் மாறுகிறது. இவை இன்சுலின் செல்லுக்குள் அனுப்பும் செய்தியை நடுவழியில் குலைக்கின்றன. இன்சுலின் கதவைத் தட்டுகிறது, உள்ளே கேட்பதில்லை. இன்சுலின் எதிர்ப்புக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வலுவான சான்றுகள் உள்ள காரணம்.

இந்தியர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்துகிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-ல் தங்கள் இருவரின் படத்தையே மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. எடைமெஷின் இருவரையும் ஒன்று என்றே சொல்லும். அதனால், எடை சரியாகத்தானே இருக்கிறது என்று இடுப்பளவைப் பார்க்காமல் விடாதீர்கள். நடைப்பயிற்சி எடையைக் குறைக்காவிட்டாலும், தசையில் அசைல்-கோஏ எரியும் வழியைத் திறந்துவைக்கிறது. அந்த நன்மை எடைமெஷினில் தெரியாது.

கொலஸ்ட்ரால் மாத்திரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கொலஸ்ட்ராலின் ஒவ்வொரு கார்பனும் அசிட்டைல்-கோஏ-யில் இருந்து வருவது. மூன்று அசிட்டைல்-கோஏ சேர்ந்து எச்எம்ஜி-கோஏ ஆகிறது. அதை அடுத்த படிக்கு எடுத்துச் செல்லும் நொதியைத்தான் ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை தடுக்கிறது. ஜப்பானியரான அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சைகளில் தேடி இந்த வகை மருந்தை முதலில் கண்டெடுத்தார். 1987-ல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

இந்தக் கதையில் புதிய வரவு பெம்படோயிக் அமிலம். ஸ்டாட்டின் சாப்பிட்டால் தசை வலிக்கிறது என்று நிறுத்திவிடுபவர்கள் நிறைய. பெம்படோயிக் அமிலம் விழுங்கும்போது செயலற்ற மருந்து. கல்லீரலில் இருக்கும் ஒரு வகை அசைல்-கோஏ சிந்தட்டேஸ் அதன் மேல் கோஏ-யை ஒட்டினால்தான் உயிர் பெறும். அந்த நொதி எலும்புத் தசையில் இல்லை. எனவே தசையில் மருந்து தூங்குகிறது, கல்லீரலில் மட்டும் விழிக்கிறது. 2023-ல் வெளியான பெரிய ஆய்வில், ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாத ஏறக்குறைய 14,000 பேரில் மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட முக்கிய இதய நிகழ்வுகள் 13 விழுக்காடு குறைந்தன. யூரிக் அமிலம் ஏறக்கூடும், கீல்வாதம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். ஸ்டாட்டின் ஒத்துக்கொள்கிறவர்கள் அதை விட்டுவிட்டு இதற்குத் தாவத் தேவையில்லை.

தேங்காய் எண்ணெய் நேராக எரிந்துவிடும் என்கிறார்களே?

8, 10 கார்பன் கொண்ட நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் கார்னிட்டின் உதவி இல்லாமலே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும், சீக்கிரம் எரியும். இது உண்மை. ஆனால் தேங்காய் எண்ணெயில் அவை இரண்டும் சேர்ந்து ஏழில் ஒரு பங்கு அளவுதான். பாதிக்கு அருகில் இருப்பது 12 கார்பன் லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலவே குடலில் இருந்து நிணநீர் வழியாகப் போகிறது, கெட்ட கொலஸ்ட்ராலையும் ஏற்றுகிறது. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பை மட்டும் கொண்டு மருத்துவமனையில் கொடுக்கும் எம்சிடி எண்ணெய் வேறு, சமையலறைத் தேங்காய் எண்ணெய் வேறு. சமையலில் ருசிக்கு ஊற்றுங்கள், மருந்தென்று குடிக்காதீர்கள்.

கார்னிட்டின் மாத்திரை தொப்பையைக் கரைக்குமா?

உடம்பு தானே கார்னிட்டினைத் தயாரிக்கும். ஆரோக்கியமானவருக்கு வாசலைத் திறப்பதும் மூடுவதும் மலோனைல்-கோஏ. கார்னிட்டின் பற்றாக்குறை அங்கே பிரச்சினையே அல்ல. பிறவியிலேயே கார்னிட்டினைச் செல்லுக்குள் இழுக்க முடியாத குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதயத் தசை தளர்ந்துபோகும். கார்னிட்டின் அவர்களுக்கு உயிர்காக்கும் மருந்து. ஜிம் கடையில் விற்கும் டப்பாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வைட்டமின் பி12 இதில் எங்கே வருகிறது?

ஒற்றைப்படைக் கார்பன் கொண்ட கொழுப்பு அமிலமும் சில அமினோ அமிலங்களும் முடிவில் புரோப்பியோனைல்-கோஏ தருகின்றன. அது மெத்தில்மலோனைல்-கோஏ ஆகி, பிறகு சக்சினைல்-கோஏ ஆகிறது. கடைசிப் படிக்குப் பி12 வேண்டும். பி12 குறைந்தால் மெத்தில்மலோனிக் அமிலம் இரத்தத்தில் ஏறும். பி12 அளவு சந்தேகமாக எல்லையில் நிற்கும்போது மருத்துவர் இந்த அமிலத்தைப் பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான்.

லொரென்சோ எண்ணெய் என்கிறார்களே, அது எதற்கு?

22 கார்பனுக்கு மேல் நீண்ட சங்கிலிகளை மைட்டோகாண்ட்ரியா தொடாது. செல்லுக்குள் இருக்கும் பெராக்சிசோம் என்ற வேறு நுண்ணுறுப்புதான் முதலில் நறுக்க வேண்டும். அதற்குள் அசைல்-கோஏ-யை ஏற்றிவிடும் புரதம் பழுதானால் அட்ரினோலியூக்கோடிஸ்ட்ரஃபி என்ற நோய் வரும். எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் ஆண்குழந்தைகளையே கடுமையாகத் தாக்கும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் பள்ளியில் பின்தங்குவான், நடத்தை மாறும், பார்வையும் கேட்கும் திறனும் போகும். லொரென்சோ ஒடோன் என்ற சிறுவனின் பெற்றோர் முயற்சியால் உருவான எண்ணெய் இரத்தத்தில் 26 கார்பன் கொழுப்பைக் குறைத்தது. ஆனால் மூளை பாதிப்பு தொடங்கிய பிறகு அதனால் நிறுத்த முடியவில்லை. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் எலும்பு மஜ்ஜை வழி ஸ்டெம்செல் மாற்றம் நோயைத் தடுத்து நிறுத்தக்கூடும். குடும்பத்தில் ஒருவனுக்கு இருந்தால் அவன் தம்பிகளையும், தாயின் சகோதரிகளுடைய மகன்களையும் உடனே பரிசோதிக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு இந்த வகை நோய் வெளிப்படுமா?

வரும். சிபிடி2 நொதியின் மிதமான குறைபாடு இளைஞர்களிடம் வெளிப்படும். நெடுநேரம் ஓடினாலோ, சாப்பிடாமல் உழைத்தாலோ, காய்ச்சலிலோ தசை கடுமையாக வலிக்கும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். தசை உடைந்து அதன் நிறமி சிறுநீரில் கலப்பதால் வரும் நிறம் அது. சிறுநீரகம் பழுதாகக்கூடும் என்பதால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெயிலில் அலைந்த சூடு என்று நினைத்து மோர் குடித்துவிட்டுப் படுத்துவிடக் கூடாது.

எம்சிஏடி குறைபாடு என்றால் என்ன?

நடுத்தரச் சங்கிலியில் வேலை செய்யும் நொதி பிறவியிலேயே குறைவது. கொழுப்பு எரிப்பில் வரும் பிறவிக் குறைபாடுகளில் அதிகம் அறியப்பட்டது இதுவே. வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம், ஆசியாவில் அரிது, ஆனால் இல்லாமல் இல்லை.

குழந்தை பார்க்க முழு ஆரோக்கியமாக இருக்கும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் குடிக்கும்வரை கொழுப்பை எரிக்கும் தேவையே வராது. பெரும்பாலும் மூன்று மாதம் முதல் இரண்டு வயதுக்குள் ஒரு நாள் வாந்தி, பேதி, காய்ச்சல் என்று ஏதோ ஒன்று வரும். குழந்தை சாப்பிடாது. கல்லீரலில் கிளைக்கோஜனாக இருந்த சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்ததும் உடம்பு கொழுப்புக்குத் திரும்பும். சங்கிலி 8 கார்பன் வரை வந்து அங்கேயே நிற்கும். அசிட்டைல்-கோஏ குறைவதால், கல்லீரல் அதிலிருந்து தயாரிக்கும் கீட்டோன் என்ற எரிபொருள் போதிய அளவு உண்டாகாது. புதுக் குளுக்கோஸ் தயாரிக்கும் பாதையைத் தூண்டிவிடுவதும் அசிட்டைல்-கோஏ-தான் என்பதால், சர்க்கரையும் இறங்கும். மூளைக்கு இருந்த இரண்டு எரிபொருளும் ஒரே நேரத்தில் கையை விரிக்கின்றன. குழந்தை சோர்ந்து, மயங்கி, வலிப்பு வந்து, சில மணி நேரத்தில் இறந்தும் போகலாம். பிறந்த உடனே பரிசோதிக்கும் வழக்கம் வருவதற்கு முன்பு, முதல் தாக்குதலிலேயே நான்கைந்தில் ஒரு குழந்தை இறந்தது.

பட்டினி கிடக்கும் குழந்தையின் சிறுநீரில் கீட்டோன் நிறைய இருப்பதே இயல்பு. சர்க்கரை மிகக் குறைந்திருந்தும் கீட்டோன் இல்லை அல்லது சொற்பம் என்றால், கொழுப்பு எரியவில்லை என்று பொருள். இந்த ஒரு குறிப்பைப் பணியில் சேரும் ஒவ்வோர் இளம் மருத்துவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

லிச்சிப் பழம் சாப்பிட்டுக் குழந்தைகள் இறந்தது இதே காரணத்தாலா?

மிக நெருங்கிய காரணம். பீகாரின் முசாஃபர்பூரில் 1995 முதல் ஒவ்வொரு கோடையிலும் குழந்தைகள் விடிகாலையில் வலிப்பு வந்து மயங்கினார்கள், பலர் இறந்தார்கள். மூளைக் காய்ச்சல் என்றார்கள், வைரஸைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. லிச்சி அறுவடை நாட்களில்தான் இது வருகிறது, இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்திருக்கிறது என்பதைக் கவனித்து, இது நச்சாக இருக்கலாம் என்ற கருத்தை 2014-ல் முன்வைத்தவர்களில் ஒருவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி ஓய்வுபெற்ற வைராலஜி நிபுணர் டி. ஜேக்கப் ஜான்.

அந்த ஆண்டு மே இறுதியில் இருந்து ஜூலை நடு வரை இரண்டு மருத்துவமனைகளில் மட்டும் 390 குழந்தைகள் சேர்க்கப்பட்டு, 122 பேர் இறந்தார்கள். இந்திய, அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிறுவனங்கள் சேர்ந்து செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. லிச்சியில் ஹைப்போகிளைசின் ஏ, எம்சிபிஜி என்ற இரண்டு பொருள்கள் இருக்கின்றன. உடம்புக்குள் இவையே கோஏ-யோடு சேர்ந்து, பீட்டா ஆக்சிஜனேற்ற நொதிகளை முடக்குகின்றன. பிறவியில் நொதி சரியாக இருந்த குழந்தைக்கு, அன்று இரவு மட்டும் அது இல்லாதது போல் ஆகிறது. ஜமைக்காவில் பழுக்காத அக்கி பழத்தால் வரும் வாந்தி நோயும் ஹைப்போகிளைசினால்தான்.

ஆனால் பழம் மட்டும் காரணமல்ல. வசதியான வீட்டுக் குழந்தைகளும் லிச்சி சாப்பிட்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோப்பில் பகலெல்லாம் பழம் தின்றுவிட்டு, இரவுச் சாப்பாடு இல்லாமல் தூங்கிய மெலிந்த ஏழைக் குழந்தைகள்தான் விழுந்தார்கள். சேமிப்பில் கிளைக்கோஜன் குறைவு, கொழுப்பை எரிக்கும் வழியும் அடைப்பு. கடும் வெப்பத்துக்கும் பங்கு உண்டு என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள், அதை ஒதுக்க முடியாது. என்றாலும் அந்த ஆய்வின் அறிவுரை எளிமையானது: குழந்தைகள் லிச்சி அதிகம் தின்ன விடாதீர்கள், இரவில் வயிறார ஊட்டித் தூங்கவையுங்கள், மயங்கி வரும் குழந்தைக்குச் சர்க்கரையைச் சோதித்து உடனே ஏற்றுங்கள். ஒரு வேளைச் சோறு அங்கே மருந்தாக இருந்தது. அது கிடைக்காமல் குழந்தைகள் செத்தார்கள் என்பதை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

என் குழந்தைக்கு இப்படி ஒரு குறை இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு இரத்தமே போதும். வெட்டுப்படாமல் தேங்கும் அசைல்-கோஏ-யில் ஒரு பகுதி அசைல்-கார்னிட்டினாக மாறி இரத்தத்துக்கு வருகிறது. டேண்டம் மாஸ் என்ற கருவி அதை நீளவாரியாக அளந்துவிடும். 8 கார்பன் அசைல்-கார்னிட்டின் கூடினால் எம்சிஏடி சந்தேகம், 14 கார்பன் வகை கூடினால் விஎல்சிஏடி சந்தேகம். பல நாடுகளில் இது எல்லாக் குழந்தைக்கும் செய்யப்படுகிறது. இந்தியாவில் நாடு முழுவதற்குமான திட்டம் இல்லை. பெரிய தனியார் மருத்துவமனைகளில் கேட்டால் செய்துகொள்ளலாம்.

எல்லோராலும் முடியாவிட்டாலும், இரண்டு வகைக் குடும்பங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். முதலாவது, முன்பு ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த குடும்பம். இரண்டாவது, சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள். இந்த நோய்களில் பெரும்பாலானவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வெளிப்படும். மாமன் மகளையோ அக்கா மகளையோ கட்டும் வழக்கத்தில் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. இருவரும் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. ஒரு சொட்டு இரத்தத்தில் தெரிந்துகொள்ளக்கூடியதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன்.

நோய் உறுதியாகிவிட்டது. வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

எம்சிஏடி என்றால் சிகிச்சையின் பெரும்பகுதி கடிகாரம்தான். குழந்தை எத்தனை மணி நேரம் வரை சாப்பிடாமல் இருக்கலாம் என்று மருத்துவர் வயதுக்கேற்பச் சொல்வார், அதைத் தாண்ட விடக் கூடாது. எம்சிடி எண்ணெய் இவர்களுக்கு ஆகாது. எரிக்க முடியாத சங்கிலியையே ஊற்றுவதாகிவிடும். அதே எண்ணெய் விஎல்சிஏடி போன்ற நீண்ட சங்கிலிக் குறைபாடு உள்ளவர்களுக்கு உணவாகவும் மருந்தாகவும் இருக்கிறது. அதனால் நோயின் சரியான பெயர் தெரியாமல் அடுத்த வீட்டுக் குழந்தையின் சிகிச்சையைப் பின்பற்றாதீர்கள்.

காய்ச்சலோ வாந்தியோ வந்து குழந்தை சாப்பிட மறுத்தால், மயங்கும்வரை காத்திருக்கக் கூடாது. இனிப்பான பானம் கொடுத்துப் பாருங்கள். வயிற்றில் தங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனை, நரம்பு வழியாக குளுக்கோஸ். வீட்டு மீட்டரில் சர்க்கரை சரியாகக் காட்டுகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம், சர்க்கரை இறங்குவதற்கு முன்பே சோர்வு வரலாம். அறுவைச் சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் வரச் சொன்னால் நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். விரதம் இருக்க ஆசைப்படும் பாட்டியிடமும் பேரனை அதில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் மருத்துவரிடம் ஒரு அவசரக் கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நோயின் பெயர், எந்த மருந்து ஆகாது, எவ்வளவு குளுக்கோஸ் எந்த வேகத்தில் ஏற்ற வேண்டும், யாரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவர் இந்த நோயை அதற்கு முன் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. ஒரு நகல் அம்மாவின் பையில், ஒன்று பள்ளியில், ஒன்று தாத்தா பாட்டி வீட்டில். கைப்பேசியிலும் படமெடுத்து வையுங்கள்.